ஓடாவியின் முழம்

சேசு மரி சூசை துணை

வேதாளை,
11-8-1957.

என் அன்புக்குரிய யாகப்பம்மாளுக்கு, உன் புருஷன் வேதநாயகம் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அக்கரையில், இலங்கைப் பேசாலையில் நீயும், உன் தம்பி அருளானந்தமும், அவன் பெண்டு பிள்ளைகளும் மாதாவின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, அறிந்துகொள்ள வழியில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்றால், அவர் தெருவில் மற்ற எல்லாருக்கும் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்.

நான் ஏன் பாம்பனை விட்டு வேதாளைக்கு வந்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு லீமாரோஸ் உனக்கு வேறு விதமாக எழுதிவிடுவாள். வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோளகக் காற்று காதைக் கிழிக்கிறது, மணல் சோற்றில் விழுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் பலகைகளைப் பிரித்தேன். அதை அப்படியே போட்டுவிட்டு இன்னொன்றில் கை வைத்தேன். வள்ளக்காரன் பால்சாமி சண்டைக்கு வந்துவிட்டான். 'ஏலே வேதநாயகம், நீ மரத்துல வேலை பாக்குறியா, மரத்தைச் சுத்தி நடக்குறியா' என்று நாலு பேர் காது கேட்கச் சொன்னான். அவன் சொன்னது சரியாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த நேரத்தில்தான் வேதாளைக் கருவாட்டு வியாபாரி ஹமீது சுல்தான் ஆள் அனுப்பினார். அவர் மதுரையில் ஏலத்தில் ஒரு வீட்டு மோட்டார் வாங்கியிருக்கிறார். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். லாரி அளவுக்கு ஒரு வண்டி. பின்பக்கம் படி ஏறி உள்ளே போனால் ஒரு சின்ன வீடு. படுக்கப் பலகை, மடக்கு மேஜை, பாத்திரம் கழுவத் தொட்டி, இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அலமாரிகள். உப்பளம் அளக்க வந்த ஒரு துரை ஜெர்மன் சண்டைக்கு முன்னால் செய்வித்ததாம். ஊர் ஊராகப் போய் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவாராம். நான் முதல் தடவை உள்ளே நுழைந்தபோது, சக்கரத்தின்மேல் ஒரு வீடு இருந்தால் நம்மைப் போன்றவனுக்கு எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தேன். ஓர் இடம் பிடிக்காவிட்டால் வீட்டோடு கிளம்பிவிடலாம்.

ஆனால் அந்த அலமாரிகளை நீ பார்க்க வேண்டுமே. வருஷா வருஷம் வார்னிஷ் மேல் வார்னிஷ் அடித்து, எது மரம் எது அழுக்கு என்று தெரியவில்லை. கீல்கள் துருப்பிடித்துக் கதவுகள் தொங்குகின்றன. ஒரு பக்கம் துப்பாக்கி நிறுத்த ஒரு நீளப் பெட்டி. இன்னொரு பக்கம் சாராயப் புட்டிகளை வைக்க வட்ட வட்டமாய் இருபத்து நாலு துளை போட்ட ஒரு தட்டு. அதைப் பார்த்ததும் ஹமீது சுல்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. 'மொதல்ல இதைப் பிடுங்கி எறிங்க ஓடாவி, எங்க வீட்டுப் பொம்பளைக ஏறுற வண்டி' என்றார். தோணி செய்கிறவனை இந்தப் பக்கம் எல்லாரும் ஓடாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள், பேர் சொல்வதில்லை. நான் தட்டைப் பிடுங்கினேன், எறியவில்லை. அந்தத் துளைகளில் என் உளிகளைச் செருகி வைத்திருக்கிறேன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது.

வண்டி யாருக்கு என்றால், அவர் சம்சாரம் நூர் நிஷா அம்மாவுக்கு. மூன்று பெண்களையும் காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் என்று மூலைக்கு ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பஸ்ஸிலும் ரயிலிலும் போகமாட்டாராம். இந்த வண்டியில் ஏறி மூன்று பேரையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஆசை. நான் அவரைப் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. என்னென்ன வைக்க வேண்டும் என்று ஹமீது சுல்தான்தான் வந்து சொல்லிப் போகிறார். அரிசிக்கு ஓர் இடம், தேயிலை சீனிக்கு ஓர் இடம், துணிக்கு, வெற்றிலைப் பெட்டிக்கு, மருந்துக்கு. 'எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும் ஓடாவி, அது ஒண்ணுதான் அவுக கேட்டது' என்றார். அதற்கென்ன என்று சொல்லிவிட்டேன். என்னிடம் டேப்பும் இல்லை, அளவுக்கோலும் இல்லை என்று வண்டி ஓட்டுகிற முனியசாமி ஆச்சரியப்பட்டான். அவன் சிக்கல் ஊர்க்காரன், கடலைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவன். என் முழத்திலும் என் சாணிலும் செய்த தோணி கொழும்புக்குப் போய்த் திரும்பி வருகிறது, மோட்டாருக்கு அது போதாதா என்று கேட்டேன்.

நிற்க. மாசி மாதம் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து, தங்கிய பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் ஆண்டவர் எடுத்துக்கொண்டார். அவர் சித்தத்துக்கு முன்னால் நாம் என்ன செய்ய முடியும். மடுமாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன், ஆடித் திருநாளுக்குப் போய்வருகிறேன் என்று நீ கேட்டபோது நான் தடுக்கவில்லை. ஆனால் திருநாள் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உன் விசா செப்டம்பர் இருபதாம் தேதி வரைக்கும்தான். எந்தக் கப்பலில் வருகிறாய் என்று எழுதினால் நான் தனுஷ்கோடிக்கு வந்து நிற்பேன்.

உன் கோழிகள் லீமாரோஸ் வீட்டில் இருக்கின்றன. சாம்பல் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அடுக்களைப் பக்கம் நான் போகவில்லை.

பதிலை எதிர்பார்த்து, உன் புருஷன்
ச. வேதநாயகம்


சேசு மரி சூசை துணை

வேதாளை,
29-8-1957.

யாகப்பம்மாளுக்கு, வேதநாயகம் எழுதுவது. கடைசியில் பேசாலையிலிருந்து ஒரு கார்டு வந்தது. வாங்கிப் பார்த்தால் அது உன் எழுத்து இல்லை, அருளானந்தத்தின் எழுத்து. அத்தான் கோபித்துக்கொள்ள வேண்டாமாம். அக்காவுக்கு மனசும் உடம்பும் தேற வேண்டுமாம். அதனால் விசாவை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்க மன்னாரில் காகிதம் வாங்கி வைத்திருக்கிறானாம், அக்கா கையெழுத்துப் போட்டால் போதுமாம். கார்டின் அடியில் இரண்டு விரற்கடை இடம் காலியாக இருந்தது. அதில் நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நான் அந்தக் கார்டைப் படித்தது ஒரு சாமான் கடை வாசலில். எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கடைக்காரர், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, எல்லாரும் சுகம் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த உப்புத்தாளை வாங்காமலே திரும்பிவிட்டேன். பிறகு அதற்காக மறுபடியும் நடந்தேன். அவனுக்கு யார் கொடுத்த அதிகாரம்? நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்? நீ சொல்லித்தான் எழுதினானா, அவனாகவே எழுதினானா? இந்த இடத்தில் நான் இன்னும் நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே, உனக்கு நல்லதல்ல.

வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதை எழுதும்போது கொஞ்சம் அடங்குகிறது. பழைய வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அடியில் நல்ல தேக்கு. துரை சாராயம் குடித்தாலும் மரத்தில் ஏமாறவில்லை. கதவுகளைச் சீர்ப்படுத்திப் புதுக் கீல் போட்டு, ஒரு சோதனைக்காக முனியசாமியோடு உச்சிப்புளி வரைக்கும் போய்வந்தேன். போகும்போதே முதல் பள்ளத்தில் ஒரு கதவு திறந்தது. அடுத்த பள்ளத்தில் எல்லாக் கதவும் திறந்தன. ஹமீது சுல்தான் வீட்டிலிருந்து சோதனைக்கென்று கொடுத்த பீங்கான் தட்டுகளில் பாதி உடைந்து போயிற்று. 'ஓடாவி, ரோட்டுலயும் அலை இருக்குல்ல' என்று முனியசாமி சிரித்தான்.

மறுநாளே எல்லாக் கதவையும் கழற்றினேன். தோணியில் எவனாவது பக்கவாட்டில் திறக்கிற கதவு வைப்பானா? மேலே திறக்கிற மூடிதான் வைப்பான். எத்தனை ஆடினாலும் தன் கனத்தில் தானே மூடிக்கொள்ளும். அதேபோல இரண்டு பக்கமும் மேலே மூடி போட்ட பெட்டிகளாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரோடு பொருத்தினேன். கீழே படுக்கை, அதற்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு மேலே பெட்டி வரிசை. ஹமீது சுல்தான் பச்சை அடிக்கச் சொன்னார், நான் தோணிக்கு அடிக்கிற நீலம் என்றேன். கடைசியில் உள்ளே பச்சை, வெளியே நீலம் என்று ஒத்துக்கொண்டோம். மறுபடியும் உச்சிப்புளிக்குப் போய்வந்தோம். ஒரு தட்டுகூட அசையவில்லை. எல்லாம் கைக்கு எட்டுகிறது. நானே வண்டிக்குள் நின்று, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன்.

இந்த மாதிரி ஒரு வேலையை நான் செய்ததில்லை, யாகப்பம்மாள். இராமநாதபுரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாயங்காலமானால் நான் அதன் படியில் உட்கார்ந்து பீடி குடிக்கிறேன். ஐந்து நிமிஷம்தான். பிறகு எழுந்து, சரியாக இருக்கிற ஏதாவது ஒன்றை மறுபடியும் இழைக்கிறேன். நாளை மறுநாள் அந்த அம்மாள் வந்து பார்க்கப் போகிறாராம். அது முடிந்ததும் நான் பாம்பனுக்குப் போகவேண்டும். போகவேண்டுமே என்று இருக்கிறது.

நீ மாசி மாதத்தையே நினைத்துக்கொண்டு அங்கே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. நடந்தது நடந்துவிட்டது. நான் உன்னை அடித்தேனா, திட்டினேனா? எந்தத் தப்புக்கு என்னை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று எழுது. மனசில் இருப்பதை மென்று விழுங்கினால் நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அடுத்த கப்பலில் புறப்பட்டு வா.

வேதநாயகம்


சேசு மரி சூசை துணை

பாம்பன்,
11-9-1957.

என் யாகப்பம்மாளுக்கு, உன் வேதநாயகம் நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன கடிதத்தில் எந்தத் தப்புக்கு என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். அவசரமில்லாமல், யாரையும் படிக்கச் சொல்லாமல், நீயே படி.

நூர் நிஷா அம்மாள் வண்டியைப் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணி இருக்கும். வீட்டு வாசலிலிருந்து வண்டிப் படி வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி பிடித்தார்கள். நான் துணிக்கு வெளியே, வண்டியின் பக்கச் சுவரோரம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மெதுவாக, மெதுவாக என்று பெண்கள் சொல்லும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலியின் கால் என் புதுப் படியில் இடித்தது. எதற்கு நாற்காலி என்று பக்கத்தில் நின்ற முனியசாமியிடம் கேட்டேன். 'அம்மாவுக்கு ரெண்டு வருசமா வலது பக்கம் விழுந்துபோச்சே, உங்களுக்குத் தெரியாதா ஓடாவி' என்றான். வேதாளை முழுவதும் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக அவர்களுக்காக வேலை செய்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறத்தியார் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டேன்.

உள்ளே படுக்கையில் அவரை உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு சத்தம் கேட்டது. பெட்டியின் அடிப்பலகையில் விரல் நகம் உரசுகிற சத்தம். என் மரத்தின் சத்தம் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் இடது கையைத் தூக்கி மூடியைத் தேடுகிறார், அடிப்பலகைக்கு மேல் கை போகவில்லை. இரண்டு தடவை கேட்டது. அடுத்த பெட்டியிலும் ஒரு தடவை கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் பேசினார். 'வேலை ரொம்ப அழகா இருக்கு தம்பி, ஆனா நிக்கிறவளுக்குச் செஞ்சிருக்கீக, நான் உக்காந்தே கெடக்குறவ' என்றார். குரலில் கோபமே இல்லை. என் புத்தி உனக்குத் தெரியுமே. தப்பு என்று தெரிந்த உடனே என் வாய் சண்டைக்குப் போய்விடும். முதலாளி எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை, கைக்கு எட்டவேண்டும் என்றார், எட்டும்படிதான் செய்திருக்கிறேன் என்று துணிக்கு இந்தப் பக்கம் நின்று உரக்கச் சொன்னேன். யார் அளவுக்கு என்று கேட்டார். என் முழத்துக்குத்தான் என்றேன். பிறகு, 'உங்க வீட்டுலயும் எல்லாம் உங்க முழந்தானா தம்பி, அவுக ஒண்ணும் சொன்னதில்லையா' என்று கேட்டார்.

சொன்னாள் என்று என் வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாகச் சொன்னாள். அடுக்களைச் சுவரில் நான் அடித்துக் கொடுத்த உப்பு புளி அலமாரியை ஒரு சாண் இறக்கித் தாருங்கள் என்று சொன்னாள். நாளைக்கு என்றேன். சும்மா கிடந்த ஒரு பலகையை வெட்டி முக்காலி செய்து கொடுத்து, இதில் ஏறி எடு என்றேன். ஊரில் என்னைக் கொடிமரம் என்று கேலி செய்வார்கள், நீ என் தோளுக்கு வரமாட்டாய். ஆனாலும் நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. அங்கிருந்து நடந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். முனியசாமி என் உளிகளைத் துடைத்து எடுத்து வைத்தானாம்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டில் வேலை செய்கிற சோணையம்மாள் ஒரு வெற்றிலையில் மூன்று நூல்களைச் சுற்றிக் கொண்டுவந்தாள். உட்கார்ந்தபடி மேலே எட்டுவது ஒரு நூல், பக்கத்தில் எட்டுவது ஒரு நூல், குனிந்தால் எட்டுவது ஒரு நூல். மூன்றும் இடது கையின் அளவு. ஓதுகிற கிதாபு மட்டும் உயரத்தில் இருக்கட்டும், அதை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, மற்றதற்கு நான் யாரையும் கூப்பிடக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

எட்டு நாள் வேலை. ஜன்னலுக்கு மேலே இருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். படுக்கைக்கு அடியிலும் பக்கத்திலும் இழுப்பறைகள் செய்தேன். வண்டி ஆடினால் தானாக வெளியே வராமல் ஒரு சின்னத் தடை வைத்தேன். பிடிப்பதற்குக் குமிழ் வைக்கவில்லை, ஒரு விரலை மாட்டினால் வரும்படி பருத்திக் கயிற்றில் வளையம் வைத்தேன். எது செய்தாலும் நான் என் வலது கையைத் துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு, படுக்கையில் உட்கார்ந்து, இடது கையால் திறந்து பார்த்தேன். நூலுக்கு மேல் என் கை போகாமல் பார்த்துக்கொண்டேன். ஓடாவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முனியசாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டான். முந்தாநாள் அந்த அம்மாள் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். ஓர் இழுப்பறை திறந்தது, மூடியது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினொன்றையும் திறந்து மூடினார். யாரையும் கூப்பிடவில்லை. நேற்று காலையில் அதிராம்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

நான் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் நேராக அடுக்களைக்குள் போனேன். மாசிக்குப் பிறகு என் காலால் அங்கே போவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தபோதுகூட நான் வாசலில் நின்றே சோறு வாங்கிக்கொண்டேன், அது உனக்குத் தெரியும். அலமாரி அப்படியே இருந்தது. முக்காலி இல்லை. நீ அதிலிருந்து விழுந்த அன்றைக்கே அதை உடைத்து அடுப்பில் வைத்தவன் நான்தானே. அதன் கால் ஆடுகிறது என்று அதன்மேல் பழி போட்டேன். அது ஆடவில்லை, யாகப்பம்மாள். நான் செய்த முக்காலி ஆடாது. உயரந்தான் தப்பு.

அன்றைக்குக் கரையிலிருந்து என்னைக் கூப்பிட்டு வந்தார்கள். நீ பாயில் கிடந்தாய். லீமாரோஸ் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உன்னிடம் சொன்ன முதல் வார்த்தை, 'பாத்து ஏறக் கூடாதா' என்பதுதான். அதற்குப் பிறகு எதற்குமே நீ எனக்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை. ஆண்டவர் சித்தம் என்று சாமியாரிடம் சொன்னேன், ஊரில் சொன்னேன், உனக்கும் எழுதினேன். ஆண்டவரா அலமாரியை அந்த உயரத்தில் அடித்தார்? நான் அடித்தேன். நம் பிள்ளை போனதற்கு நான் காரணம். இதை இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். முதல் நாளே தெரியும். தெரிந்ததால்தான் எங்கேயும் உட்கார முடியாமல் திரிந்தேன். தெரிந்துகொண்டே பழியை உன்மேல் வைத்துவிட்டு நின்றேனே, அதற்கு என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

அலமாரியைக் கழற்றினேன். எட்டு ஆணி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷமாக நாளைக்கு என்று நான் தள்ளிய வேலை அவ்வளவுதான்.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்த உயரத்தில் அடிப்பது? மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை முழம் என்று சொல்கிறவன், உன் கை எதுவரைக்கும் எட்டும் என்று தெரியாமல் நின்றேன். இந்த வீட்டில் நீ உன் கையால் ஆணி அடித்து மாட்டியது ஒன்றே ஒன்றுதான், மாதா படம். அது என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வருகிறது. இத்தனை வருஷமாக ஜெபம் சொல்லும்போது நான் குனிந்து நின்றது பக்தியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் ஆணியை வைத்து அளவெடுத்துவிடலாம் என்று கை போனது. பிறகு விட்டுவிட்டேன். அப்படிச் செய்தால் மறுபடியும் உன்னைக் கேட்காமல் நானே தீர்மானித்ததாக ஆகிவிடும்.

ஒரு நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்பச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். நூல் போதாது. ஹமீது சுல்தான் வீட்டுக்கு அது போதும்.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நானே புறப்பட்டு வரலாமென்றால் என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. எழுதிக் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். அருளானந்தம் வாங்கி வைத்திருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று போன தடவை அதிகாரமாக எழுதினேன். இப்போது அப்படி எழுதவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என்னிடமிருந்து அக்காவைக் காப்பாற்ற நினைக்கிற தம்பியை நான் எப்படிக் கோபிப்பேன்? இன்னும் ஆறு மாதம் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு. நான் இங்கேதான் இருப்பேன். வேறு ஊருக்கு வேலைக்குப் போகமாட்டேன். பால்சாமியின் வள்ளத்தை முடித்துக் கொடுக்கிறேன். அடுக்களையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வரவே விருப்பமில்லை என்றால், அதையும் நீயே எழுது. தம்பியை எழுதச் சொல்லாதே. உன் எழுத்தில் எது வந்தாலும் நான் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் வர மனசிருந்தால் வா. அலமாரி சுவரில் சாய்ந்து நிற்கிறது, சுவர் காலியாக இருக்கிறது. நீ அதன் முன்னால் வந்து நின்று கையை நீட்டு. இங்கன என்று நீ சொல்கிற இடத்தில் நான் ஆணி அடிக்கிறேன். நீ சரி என்று சொல்லுமட்டும் நான் சுத்தியலைத் தூக்கமாட்டேன்.

மடுமாதா உன்னை எந்தக் கரையில் வைத்திருந்தாலும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அது இந்தக் கரையாக இருக்கவேண்டும் என்று, நீ மாட்டிய படத்துக்கு முன்னால் இன்று காலையில் முழங்காலில் நின்று கேட்டேன். முழங்காலில் நின்றால் மாதாவின் முகம் எனக்கு நேராக இருக்கிறது. உனக்கு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

உன் வரவையோ உன் எழுத்தையோ, எது வந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும்,
வேதநாயகம்